கன்னியக்கோயில் தாண்டினாலே குமட்டல்: கீமோவுக்கு முன்னாடியே வர்ற வாந்தி, ஒரு கேஸ்

இந்த கேஸ்ல மெயின் பிரச்சனை வாந்தி. கீமோ போட்டா வாந்தி வரும்னு எல்லாருக்கும் தெரியும், நான் சொல்றது அது இல்ல. மருந்து ஒரு சொட்டு கூட உள்ள போகாதப்பவே, ஆஸ்பத்திரி கேட்ட பாத்ததும், சில பேருக்கு அங்க வர்ற பஸ்லயே வர்ற வாந்தி. இத நெறைய பேர் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுப்பாங்களோன்னு ஒரு கூச்சம். கூட வர்றவங்களும் "இன்னும் ஊசியே போடல அதுக்குள்ள என்ன ஆக்டிங்"ன்னு கேட்டுடுவாங்க, நான் காதால கேட்டிருக்கேன்.

நான் டாக்டர் இல்ல. புதுச்சேரில கேன்சர் நோயாளிங்களுக்கு கவுன்சிலிங்கும், கூடவே மூச்சுப்பயிற்சி, ரிலாக்சேஷன், லேசான யோகாவும் சொல்லிக்குடுக்கற வேலைல இருக்கேன். இந்த கேஸ்ல வர்ற அக்காகிட்டயும் அவங்க பொண்ணுகிட்டயும் கேட்டுட்டுதான் இத எழுதறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்திட்டேன், பஸ் ரூட்ட மட்டும் மாத்தல, ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு.

அக்காவுக்கு 44 வயசு. கடலூர் பக்கம் ஒரு மீனவ கிராமம். விடியகாலைல முதுநகர் ஹார்பர்ல ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடைய தலைல வச்சுக்கிட்டு மஞ்சக்குப்பம் பக்கம் தெருத்தெருவா விக்கறவங்க. வீட்டுக்காரர் படகுல கூலிக்கு போறாரு. பொண்ணு காலேஜ், பையன் பிளஸ் டூ. இடது மார்புல கட்டி இருந்திருக்கு, வலிக்கல, வலிக்காததால கண்டுக்கல, வழக்கமா நடக்கற கதைதான். மார்பையும் அக்குள் நெறிகட்டியையும் ஆபரேஷன்ல எடுத்தாச்சு. அதுக்கப்புறம் 21 நாளுக்கு ஒருவாட்டின்னு நாலு சுத்து சிவப்பு மருந்து, கூடவே இன்னொரு மருந்து, அது முடிஞ்சு வாராவாரம் பாக்லிடாக்செல்ன்ற வேற கீமோ மருந்து 12 வாரம், கடைசியா கரண்ட், அதாவது கதிர்வீச்சு. இதுதான் பிளான். சிவப்பு மருந்துன்னு எல்லாரும் சொல்றது டாக்சோரூபிசின், நெஜமாவே ரோஸ்மில்க் கலர்ல இருக்கும், ஏத்தினா ஒரு நாள் ரெண்டு நாளைக்கு யூரின் கூட சிவப்பா போகும். அதோட சேந்து போற சைக்ளோபாஸ்பமைடையும் கணக்குல எடுத்தா, வாந்தி வர வைக்கறதுல முதல் வரிசைல நிக்கற கூட்டணி இது.

இப்போ ரூட்டு. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினா ஆல்பேட்டை, பெண்ணையாத்து பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், அப்புறம் டவுன். முதல் சுத்துல போகும்போது ஒன்னும் இல்ல, பொண்ணுகூட சிரிச்சு பேசிக்கிட்டே வந்திருக்காங்க, அன்னிக்கு ராத்திரி வீட்ல ஆரம்பிச்ச வாந்தி ரெண்டு நாள் நிக்கல. ரெண்டாவது சுத்துல நர்ஸ் கைய தொடைக்க ஸ்பிரிட் பஞ்சு எடுத்ததும் கொமட்டிடுச்சு. மூணாவது சுத்துல அரியாங்குப்பம் பாலத்துலயே ஆரம்பிச்சு, கேட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ரோட்டோரமா வாந்தி. அந்த சுத்து முடிஞ்சு பிளட் டெஸ்ட் குடுக்க மட்டும் ஒரு நாள் வந்தாங்க, அன்னிக்கு மருந்தே கிடையாது, அது அவங்களுக்கும் தெரியும், இருந்தும் கன்னியக்கோயில் தாண்டினதும் ஜன்னல் வழியா வாந்தி. அதாவது ஒவ்வொரு தடவையும் வாந்தி ஆரம்பிக்கற எடம் கடலூர் பக்கமா பின்னாடி நகந்துக்கிட்டே போகுது. நாலாவது சுத்து தேதிக்கு அவங்க வரவே இல்ல. நர்ஸ் போன் பண்ணினப்ப "போதும் சிஸ்டர், என்னால முடியல, என்ன விட்ருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அப்போதான் என்கிட்ட அனுப்பினாங்க.

இத படிக்கறப்பவே சில பேருக்கு ஸ்கூல்ல படிச்ச, மணி சத்தத்துக்கே எச்சில் ஊறின பாவ்லோவ் நாய் ஞாபகம் வந்திருக்கும். அதேதான். மருந்து வயித்த கலக்குது, அந்த நேரத்துல மூக்குல ஏறுற ஸ்பிரிட் வாசன, கண்ணுல படற சிவப்பு சிரிஞ்சு, அந்த சேர், அந்த கேட்டு, அந்த பாலம் எல்லாத்தையும் மூளை ஒரே கட்டா கட்டி வச்சிடுது, அடுத்த தடவ கட்டுல ஒன்ன பாத்தாலே போதும், மருந்துக்கு வெயிட் பண்றதில்ல. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு போகாதுன்னு நம்ம ஊர்ல சொல்றதுதான். இதுல தைரியம், கோழைத்தனம், மனோபலம் எதுக்கும் வேலை இல்ல, விஷம் மாதிரி தோணுற எதையும் உடம்பு ரொம்ப சீக்கிரம் கத்துக்கும், சாப்பாட்டு விஷயத்துல நம்ம மூதாதைங்கள காப்பாத்தினதே இந்த புத்திதான். பழைய ஆய்வுகள்படி நாலாவது சுத்துக்குள்ள சுமார் நாலு பேர்ல ஒருத்தருக்கு இது வந்துடும். இப்போ நல்ல மருந்துங்க வந்து அது கொறஞ்சிருக்கு, ஆனா இல்லாம போகல.

யாருக்கு அதிகமா வரும்னு ஓரளவுக்கு தெரியும். 50 வயசுக்கு கீழ உள்ளவங்க, பொம்பளைங்க, சின்ன வயசுல இருந்தே பஸ்ல வாந்தி எடுக்கறவங்க, மசக்கைல ரொம்ப கஷ்டப்பட்டவங்க, முதல் சுத்துல வாந்தி அடங்காம போனவங்க. அக்காவுக்கு இதுல ஒன்னு கூட மிஸ் ஆகல, ரெண்டு பிரசவத்துக்கும் மசக்கைல ஆஸ்பத்திரில படுத்தவங்க. இன்னொன்னும் உண்டு, ரொம்ப நாளா நல்லா குடிக்கறவங்களுக்கு கீமோ வாந்தி கம்மியா வரும், இது ஆய்வுல திரும்ப திரும்ப பாத்த விஷயம். புதுச்சேரில உக்காந்துக்கிட்டு இத சொல்றதுக்கே பயமா இருக்கு, யாரும் இத ட்ரீட்மென்ட்டா எடுத்துக்காதீங்க.

முதல்ல மாத்திரை பக்கம் என்ன ஆச்சுன்னு பாக்கணும், இது தெரியாம நேரா மூச்சுப்பயிற்சிக்கு போறது சரி இல்லன்றது என் அபிப்பிராயம். முதல் சுத்துல வீட்டுக்கு குடுத்த வாந்தி மாத்திரைய அக்கா ரெண்டாவது நாளே நிறுத்திட்டாங்க. பக்கத்து வீட்ல "இம்புட்டு மாத்திரை சூடு, கொடல வெந்துடும்"னு சொன்னாங்களாம். அந்த ரெண்டு நாள் வாந்திதான் விதை. வராம தடுக்கறதுக்கு ஒரே நல்ல வழி முதல் சுத்துலயே வாந்திய சுத்தமா அடக்கறது. ஒருவாட்டி உடம்பு கத்துக்கிட்டா ஒன்டான்செட்ரான் மாதிரி வழக்கமான மாத்திரை இந்த முன்கூட்டி வாந்திக்கு பெருசா வேலை செய்யாது, லோராசெபாம் மாதிரி பதட்டத்த கொறைக்கற மாத்திரை கொஞ்சம் உதவும், அதோட பலனும் சுத்து கூட கூட கொறைஞ்சுக்கிட்டே வரும்.

டாக்டர் நாலாவது சுத்துக்கு ஒலான்சபின் சேத்தாரு, முந்தின நாள் ராத்திரிக்கு லோராசெபாம் குடுத்தாரு. ஒலான்சபின கீமோ வாந்திக்கு 380 பேர வச்சு பரிசோதிச்ச பெரிய ஆய்வு 2016ல வந்தது, நல்லா வேலை செஞ்சுது. ஆனா பொண்ணு அத போன்ல தேடி பாத்துட்டு "இது மனநோய் மாத்திரைன்னு போட்ருக்கு, எங்கம்மாவுக்கு பைத்தியம்னு நெனச்சுட்டாங்களா"ன்னு அழுதுக்கிட்டே கேட்டா. ஒரே மாத்திரைக்கு ரெண்டு வேலை இருக்கும்னு மருந்து எழுதறப்பவே ஒரு வரி சொல்லிட்டா இந்த அழுகை மிச்சம். ஒலான்சபினும் லோராசெபாமும் சேந்தா நல்லா தூக்கம் தள்ளும், அதனால ராத்திரி பாத்ரூம் போனா கூட யாராவது கூட போகணும்னு சொல்லி வச்சோம்.

இனிமே பயிற்சி.

இந்த முன்கூட்டி வாந்திக்கு மனசு-உடம்பு பயிற்சி உதவும்ன்றது வாட்ஸப் செய்தி இல்ல. 1982லயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல 60 நோயாளிங்கள வச்சு பண்ண ஆய்வு வந்துச்சு. ஒரு குரூப்புக்கு தசைய தளர்த்த கத்துக்குடுத்து, அந்த தளர்ந்த நிலைல ஆஸ்பத்திரிக்கு வர்றத படிப்படியா கற்பனை பண்ண வச்சாங்க, இன்னொரு குரூப்புக்கு வெறும் கவுன்சிலிங், மூணாவதுக்கு ஒன்னும் இல்ல. முதல் குரூப்புக்குதான் கொறஞ்சுது, வெறுமனே ஆறுதலா பேசினது அந்த அளவுக்கு எடுபடல. என் வேலையே பேசறதுதான், இருந்தாலும் இத ஒத்துக்கணும். பெங்களூர்ல 2007ல மார்பக புற்றுநோய் பொம்பளைங்ககிட்ட பண்ண யோகா ஆய்வுலயும் கீமோ குமட்டலும், முன்கூட்டி வர்ற குமட்டலோட தீவிரமும் கொறஞ்சுது. தசைய இறுக்கி விடற முறை எட்மண்ட் ஜேக்கப்சன்றவரு 1920கள்ல கொண்டு வந்தது, படிப்படியா பயத்த பழக்கற முறை 1950கள்ல ஜோசப் வோல்ப் போட்ட பாதை. ரெண்டும் ரொம்ப பழைய சரக்குதான், இருந்தும் வார்டுல இத பண்ண நேரமோ ஆளோ இருக்கறதில்ல.

அக்கா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு ஒரு முயற்சி பண்ணியிருக்கா. போன்ல ரிலாக்சேஷன் ஆப் ஒன்ன எறக்கி, ஹெட்போன் மாட்டி விட்டிருக்கா. "நீங்கள் ஒரு அழகிய கடற்கரையில் இருக்கிறீர்கள்"னு ஆரம்பிச்சு அலை சத்தம். அக்கா ரெண்டு நிமிஷத்துல ஹெட்போன கழட்டி எறிஞ்சுட்டாங்க. 2004 டிசம்பர் 26 காலைல அவங்க மீன் வாங்க கரைல நின்னுக்கிட்டு இருந்தவங்க. அதுக்கு மேல அன்னிக்கு நடந்தத அவங்க சொல்லல, நானும் கேக்கல. இந்த மாதிரி ஆப், சிடி எல்லாத்துலயும் கடல் அலைதான், யாரோ எங்கயோ லீவுக்கு பீச்சுக்கு போறவங்க எழுதினது. கடலூர்லயும் நாகப்பட்டினத்துலயும் கடல்னா ரிலாக்ஸ்னு எழுதறவன் அந்த ஊருக்கு வந்ததில்ல.

அதனால நான் முதல்ல கேட்டது, "அக்கா, உங்க உடம்பு எங்க இருந்தா சும்மா இருக்கும்?" கோயில், அம்மா வீடு, இப்படி ஏதாவது வரும்னு பாத்தேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ஐஸ் பொட்டி"ன்னாங்க. விடியகாலைல ஹார்பர்ல ஐஸ உடைச்சு பொட்டில கொட்டி, மீன அடுக்கி, மேல ஒரு கை ஐஸ அள்ளி போடறப்போ மணிக்கட்டு வரைக்கும் சில்லுன்னு ஏறும்ல, அதுதான். "அந்த நேரம் எவளும் என்கிட்ட வந்து எதுவும் கேக்க மாட்டா பாப்பா, நான் உண்டு ஐஸ் உண்டு." எல்லாரும் மீன் நாத்தம்தான் இவங்களுக்கு கொமட்டும்னு நெனச்சு வீட்ல கருவாட்ட கூட ஒளிச்சு வச்சிருந்தாங்க, பச்சை மீன் வாசனையால இவங்களுக்கு ஒன்னுமே ஆகல, ஸ்பிரிட்டுதான் எதிரி. சொந்தக்காரங்க ஊகத்துல போடற தடைங்க பாதி இப்படித்தான்.

அளவுக்கு வழக்கமா பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் எவ்ளோன்னு கேப்போம். அக்காவுக்கு அது ஒத்து வரல, எல்லாத்துக்கும் "அஞ்சு"ன்னாங்க. அப்புறம் அவங்களே "கூறு போட்டு சொல்லவா"ன்னு கேட்டு, கொமட்டல ஒரு கூறு, ரெண்டு கூறுன்னு அஞ்சு கூறு வரைக்கும் சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுல பொய்யே வரல, கூறு போடறதுல அவங்க கை சுத்தம்.

முதல் பாகம் தசை. கால் விரல்ல ஆரம்பிச்சு கெண்டைக்கால், தொடை, வயிறு, வலது கை முட்டி, தோள், முகம்னு ஒவ்வொன்னா அஞ்சாறு நொடி இறுக்கி, டக்குன்னு விட்டு, விட்டப்புறம் அந்த எடம் எப்படி இருக்குன்னு கவனிக்கறது. இடது கைய மட்டும் இறுக்க விடல, ஆபரேஷன் பக்கம்ன்றதால அது சும்மா தலகாணி மேல கிடக்கட்டும், தளர்றத மட்டும் நெனச்சா போதும்னு மாத்திக்கிட்டோம். வயித்தையும் லேசாதான், கொமட்டறவங்க வயித்த இழுத்து பிடிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது மூச்சு. நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய, அடக்கறது கிடையாது. வெளிய விடற மூச்சு நீளமானா இதயத்துடிப்பு கொஞ்சம் எறங்கும், வயித்தோட படபடப்பும் அதோட சேந்து அடங்கும். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமா அடிக்கறது வேணவே வேணாம்னு கண்டிப்பா சொல்லிடுவேன். டிவில பாத்துட்டு கீமோ நடக்கறப்போ அத பண்றவங்க இருக்காங்க, ரத்த சோகை, தட்டணு (பிளேட்லெட்) கொறவு, புது தையல் இதெல்லாம் இருக்கற உடம்புல அது தேவையில்லாத வம்பு. பிராமரி மாதிரி வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு இழுக்கறது பரவால்ல, அக்காவுக்கு பிடிச்சுது. ஓம்னு சொல்ல சங்கடப்படற கிறிஸ்தவங்க, முஸ்லிம்ங்ககிட்டயும் இந்த ம்ம்ம் பிரச்சனை இல்லாம போகும்.

புதுச்சேரில யோகான்னா யாருக்கும் புதுசு இல்ல, வருஷாவருஷம் ஜனவரி 4ல இருந்து 7 வரைக்கும் யோகா திருவிழாவே நடக்குது, ஜிப்மர்ல 2008ல இருந்து யோகா சிகிச்சைக்குன்னு தனி மையமே இருக்கு. ஆனா நல்லா இருக்கறவங்களுக்கு நடத்தற கிளாசும் கீமோ நடக்கறவங்களுக்கு குடுக்கற பயிற்சியும் ஒன்னு இல்ல. வெள்ளணு எறங்கி இருக்கற நாள்ல, சிவப்பு மருந்துக்கு அது பத்தாவது நாள்ல இருந்து பதினாலாவது நாள் வாக்குல வரும், கூட்டமா உக்கார்ற கிளாசுக்கே அனுப்பக்கூடாது. எலும்புக்கு பரவினவங்கள முன்னாடி குனிய வைக்கறதோ முதுக திருகறதோ கூடாது, முதுகெலும்பு நொறுங்க வாய்ப்பு இருக்கு. டாக்டர்கிட்ட ரிப்போர்ட்ட காட்டாம யார் ஆசனம் சொல்லிக்குடுத்தாலும் எந்திரிச்சு வந்துடுங்க.

மூணாவது பாகம்தான் மெயின். தசையும் மூச்சும் ஓரளவு கைக்கு வந்ததும், கண்ண மூடி ஐஸ் பொட்டில கைய வச்சுக்கிட்டே, கடலூர்ல இருந்து புதுச்சேரிக்கு மனசுலயே பஸ் ஏறினோம். முதல் படி முந்தின நாள் சாயங்காலம் பை எடுத்து வைக்கறது. அடுத்தது திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு படிலயும் எத்தன கூறுன்னு கேப்பேன், ரெண்டு கூறுக்கு மேல ஏறினா அப்படியே நிறுத்தி ஐஸ் பொட்டிக்கு திரும்பிடணும், கை சில்லுன்னு ஆனதும் மறுபடி அதே ஸ்டாப். கன்னியக்கோயில்ல ரொம்ப நேரம் நின்னுச்சு எங்க பஸ்ஸு. நோணாங்குப்பம் பாலம் ஆச்சரியமா ஒன்னும் பண்ணல, "அங்க காத்து நல்லா வரும்"னாங்க. அரியாங்குப்பத்துல நாலு கூறு. கேட்டு, லிப்ட், ஸ்பிரிட் வாசன, கடைசில சிவப்பு சிரிஞ்சு. முதல் நாள் கிருமாம்பாக்கம் தாண்டல. மிச்சத்த வீட்ல பண்ண என் குரல்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன், அக்கா கேட்டுட்டு "நீ நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு பாப்பா"ன்னுட்டாங்க. பொண்ணு தானே ஒன்னு ரெக்கார்ட் பண்ணினா, பஸ் கண்டக்டர் மாதிரி "கன்னியக்கோயில் எல்லாம் எறங்கு, கன்னியக்கோயில்"னு விசில் வேற. அதுல அக்கா சிரிச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கொமட்டறது கஷ்டம், பாடபுத்தகத்துல எந்த முறைல சேத்தாலும் சரி, நான் அத அப்படியே வச்சுக்கிட்டேன்.

நாலாவது சுத்து ஒரு வாரம் தள்ளி நடந்துச்சு. வர்ற வழில கன்னியக்கோயில்ல ரெண்டு கூறு, அரியாங்குப்பத்துல மூணு, வாந்தி இல்ல. கேட்டுல நின்னு மூச்சு விட்டுட்டு உள்ள வந்தாங்க. ஸ்பிரிட்டுக்கு நாலு கூறு ஏறிடுச்சு, நர்ஸ்கிட்ட சொல்லி வச்சிருந்ததால பஞ்ச மூக்குக்கு தூரமா வச்சு, காயற வரைக்கும் விசிறி விட்டாங்க. சிவப்பு சிரிஞ்ச துணியால மூடி ஏத்தினாங்க, இது ஒன்னும் பெரிய செலவு இல்ல, ஒரு பச்சை துணி, எல்லா வார்டுலயும் பண்ணலாம். ஏத்தி முடியற நேரத்துல ஒரு தடவ வாந்தி. வீட்டுக்கு போனப்புறம் ரெண்டு நாளும் மாத்திரைய நிறுத்தாம போட்டாங்க, குமட்டல் இருந்துச்சு, வாந்தி இல்ல.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். முதல் சுத்து அன்னிக்கு காலைல அக்கா இட்லியும் முந்தின நாள் சங்கரா மீன் குழம்பும் சாப்ட்டு வந்திருக்காங்க. அதுல இருந்து சங்கராவ வாய்ல வைக்க முடியல, விக்கறாங்க, அறுக்கறாங்க, சாப்ட முடியல. 1978ல அமெரிக்கால கீமோ நடக்கற குழந்தைங்களுக்கு மருந்துக்கு முன்னாடி புது ருசில ஒரு ஐஸ்கிரீம் குடுத்து பாத்தாங்க, அப்புறம் நெறைய குழந்தைங்க அந்த ஐஸ்கிரீமயே ஒதுக்கிடுச்சுங்க. அதனால கீமோ அன்னிக்கு உயிருக்கு உயிரான சாப்பாடு எதுவும் வேணாம், ரொட்டி, பிஸ்கெட், கஞ்சி மாதிரி வெறுத்துட்டா கூட நஷ்டம் இல்லாதத சாப்டுங்கன்னு சொல்றது. ஆஸ்பத்திரிக்குள்ள போறப்போ புதுசா ஒரு மிட்டாய வாய்ல போட்டுக்கறதும் உண்டு, வெறுப்பு வந்தா அந்த மிட்டாய் மேல வரட்டும். அக்கா இஞ்சி மிட்டாய் எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் வாராவாரம் பாக்லிடாக்செல். இதுக்கு வாந்தி ரொம்ப கம்மி, அலர்ஜி வராம இருக்க கூட போடற அவில் ஊசில தூங்கியே போயிடுவாங்க. ரூட்டுல கூறு எறங்கிக்கிட்டே வந்து, பன்னெண்டு வாரத்துல பாதி தாண்டினப்போ அரியாங்குப்பம் வரைக்கும் பூஜ்யம், கேட்டுல ஒன்னு. ஆனா புது தொல்லை, பாதம் மரத்து போச்சு, செருப்பு கழண்டது கூட தெரியாது. நின்னுக்கிட்டு பண்ற எதையும் செவுத்த பிடிச்சுக்கிட்டுதான்னு மாத்தினோம், ஒத்தக்கால்ல நிக்கறதெல்லாம் எடுத்தாச்சு. மரத்து போறதுக்கு மூச்சுப்பயிற்சி ஒன்னும் பண்ணாது, டாக்டர்கிட்ட சொல்லி டோஸ் பாக்க சொன்னோம்.

இதுக்கு நடுவுல சொந்தத்துல ஒருத்தர் வந்து, "மனசுல கவலைய அடக்கி வச்சதாலதான் இந்த நோயே வந்துச்சு, கீமோவ விட்டுட்டு மூணு மாசம் தியானமும் இயற்கை வைத்தியமும் பண்ணா கரைஞ்சுடும், அதான் பயிற்சி நல்லா வேலை செய்யுதே"ன்னு சொல்லியிருக்காரு. நான் சொல்லிக்குடுத்த பயிற்சியே அவருக்கு சாட்சியா போச்சு, எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. அக்காகிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். 1989ல மார்பக புற்றுநோய் பரவின 86 பெண்கள வச்சு பண்ண ஆய்வுல, குரூப்பா உக்காந்து மனசு விட்டு பேசினவங்க அதிக நாள் இருந்தாங்கன்னு வந்து, உலகமே கொண்டாடுச்சு. அதையே 235 பேர வச்சு பண்ணி 2001ல வெளியிட்டப்போ ஆயுசு கூடல, மன வேதனையும் வலியும் கொறஞ்சுது, முக்கியமா முன்னாடியே ரொம்ப துவண்டு இருந்தவங்களுக்கு. அதுவே பெரிய லாபம், அத லாபம்னு மட்டும் சொல்லிக்குடுத்தா போதும். ரெண்டாவது, 2018ல அமெரிக்கால வந்த ஆய்வு, குணமாக்க முடியற நெலைல இருந்தும் வழக்கமான சிகிச்சைய விட்டுட்டு மாற்று வைத்தியம் மட்டும் பண்ணவங்களுக்கு சாவு அபாயம் ரெண்டரை மடங்கு, மார்பக புற்றுநோய்ல அஞ்சு மடங்குக்கு மேல. அக்கா கேட்டுட்டு "அப்போ நான் கவலப்பட்டதால வரலியா"ன்னாங்க. இல்லக்கான்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டாங்க. மத்த எல்லாத்தையும் விட அன்னிக்கு அவங்களுக்கு அதுதான் வேண்டி இருந்துச்சு போல, இத்தன மாசமா யாருகிட்டயும் கேக்காம வச்சிருந்திருக்காங்க.

இப்போ இந்த கேஸ்ல எத எதுக்கு வரவு வைக்கறது? ஒலான்சபின் சேந்துச்சு, லோராசெபாம் சேந்துச்சு, வீட்டு மாத்திரைய ஒழுங்கா போட்டாங்க, அப்புறம் மருந்தே மாறிப்போச்சு. வாந்தி வராத மருந்தோட அதே ரூட்டுல பன்னெண்டு வாரம் வந்து போனா அந்த கட்டு தானாவே கொஞ்சம் அவிழும். பயிற்சியால மட்டும்தான்னு நான் சொன்னா அது வியாபாரம். எனக்கு தோணுறது, பயிற்சி பண்ண முக்கியமான வேலை நாலாவது சுத்துக்கு அவங்கள பஸ்ல ஏத்தினது. வரவே மாட்டேன்னவங்க வந்தாங்க, வந்ததால மத்ததெல்லாம் நடந்துச்சு. அதுவும் பொதுவா "ரிலாக்ஸா இருங்க, பாசிட்டிவா நெனைங்க"ன்னு சொல்லியிருந்தா நடந்திருக்காது. எந்த ஸ்டாப்ல, எந்த வாசனைல, எவ்ளோன்னு கேட்டு, அவங்க உடம்புக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு நிம்மதிய எடுத்து அங்க வச்சோம். இது ஒத்து வராதவங்களும் இருக்காங்க, இதே முறைய பண்ணியும் கண்ண மூடினாலே மோசமாகறவங்கள பாத்திருக்கேன், அவங்கள கண்ண தொறந்துக்கிட்டு ஜெபமாலை உருட்டவோ, பாட்டு கேக்கவோ, நடக்கவோ விட்டுடறதுதான் நல்லது.

கரண்ட் மூணு வாரம், வாரத்துல அஞ்சு நாள், அதுல வாந்தி பிரச்சனை வரல. கடைசில இப்போ நிக்கற விஷயம் இடது கை. நெறிகட்டி எடுத்ததால கை வீங்கற வாய்ப்பு இருக்கு, அன்னக்கூடைய தலைக்கு ஏத்தறதுக்கு ரெண்டு கையும் வேணும், சொந்தக்காரங்க "இனிமே ஒரு டம்ளர் கூட தூக்காத"ன்னுட்டாங்க. அதுவும் சரி இல்ல. கை வீக்கம் இருந்த 141 பெண்கள வச்சு 2009ல வந்த ஆய்வுல, ஆள் வச்சு கண்காணிச்சு கொஞ்சம் கொஞ்சமா எடைய ஏத்தினவங்களுக்கு வீக்கம் அதிகமாகல. அதனால பிசியோ அரை லிட்டர் தண்ணி பாட்டில்ல ஆரம்பிச்சிருக்காங்க, அக்கா இப்போதைக்கு தெருத்தெருவா போகாம மார்க்கெட்ல ஒரே எடத்துல உக்காந்து விக்கறாங்க, கூடைய வீட்டுக்காரர் தூக்கி வைக்கறாரு. இன்ச் டேப்பு பொண்ணுகிட்ட இருக்கு, ரெண்டு கையையும் ஒரே எடத்துல அளந்து நோட்ல எழுதறா, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா உடனே போன் பண்ணணும்னு சொல்லியிருக்கு. அடுத்த ரிவ்யூல அந்த நோட்ட பாத்துட்டுதான் எடைய ஏத்தறதா வேணாமான்னு பிசியோ முடிவு பண்ணுவாங்க.